நீலமாகத் தெரியும் கரி

பெரியகுளத்தில் நின்று வடக்கே பார்த்தால் பழனிமலை நீலமாகத் தெரியும். கும்பக்கரையைத் தாண்டி அடுக்கம் சாலையில் ஏறத் தொடங்கினால் அந்த நீலம் எங்கே போனது என்றே தெரியாது. காபிச் செடி, மிளகுக்கொடி சுற்றிய மரம், வாழை, ஈரப் பாறை என்று கண்ணில் படுவது எல்லாம் கரும்பச்சை, பழுப்பு, கறுப்பு. பெருமாள்மலை போய்ச் சேரும்வரை நீலமான பொருள் என்று வழியில் ஒன்றும் கிடையாது. கீழே இறங்கி வந்து திரும்பிப் பார்த்தால் மலை மறுபடியும் நீலம்.

எங்கள் பெரியம்மாவின் வலது முன்கையில் ஒரு தேளும், அதன் கீழே ஒரு சின்னப் புள்ளிக் கோலமும் இருந்தன. வயதுக்கு வருவதற்கு முன்பே குத்தியது. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி, எண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியை வழித்துக் குழைத்து ஊசியால் குத்தினார்களாம். கீரை சேர்ந்ததால்தான் பச்சையாக இருக்கிறது என்பது பெரியம்மாவின் கட்சி. எரிந்து கரியாகிவிட்ட கீரையில் பச்சை எங்கிருந்து வரும்? உள்ளே போனது கரி. வெளியே தெரிந்தது பச்சை. மொழியும் கண்ணை நம்பி அதற்குப் ‘பச்சை குத்துதல்’ என்றே பெயர் வைத்துவிட்டது.

மலையின் நீலத்துக்கும் கையின் பச்சைக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். இருண்ட பொருளுக்கும் நம் கண்ணுக்கும் நடுவே ஒளியைச் சிதறடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. மலைக்கு அது காற்று. தோலில் அது மேல்தோலுக்குக் கீழே இருக்கும் அடித்தோலின் நார்கள். குறைந்த அலைநீளம் கொண்ட நீல ஒளி அந்தப் படலத்திலேயே அதிகம் சிதறி நம் பக்கம் திரும்பிவிடுகிறது. நீண்ட அலைநீளம் கொண்ட சிவப்பு ஆழமாக உள்ளே போய், அங்கே கிடக்கும் கரியில் மாட்டித் திரும்புவதே இல்லை. நமக்கு வந்து சேர்வது நீலம். அந்த நீலத்தின் மேல் நம் தோலின் பழுப்பு மஞ்சள் ஏறும்போது பச்சையாகத் தெரிகிறது. அதே கரியை நெற்றியில் மேலாகத் தடவினால் கறுப்பாகவே இருக்கும். நடுவே படலம் இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் லேசரைப் பற்றி வரப்போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. தோலில் ஒரு கறை பழுப்பாகத் தெரிந்தால் அது மேலே இருக்கிறது. நீலச் சாம்பலாகத் தெரிந்தால் ஆழத்தில் இருக்கிறது. நிறம் என்பது ஆழத்தின் முகவரி. ‘அடுக்கம்’ என்ற சொல்லுக்கு நம் பழைய தமிழில் மலைச்சரிவு என்று பொருள்; வரிசை என்றும் பொருள். தோலும் ஓர் அடுக்கம்தான். எந்த அடுக்கில் கறை என்று தெரியாமல் ஒளியைப் பாய்ச்சுகிறவர், மூடுபனியில் கொண்டை ஊசி வளைவு திரும்புகிறவர்.

முகத்தின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதன் அடிவரிசையில் இடைக்கிடையே மெலனோசைட் என்ற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் வேலை மெலனின் என்ற நிறமியைச் செய்து, மெலனோசோம் என்ற நுண்பைகளில் கட்டி, சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்புவது. ஒரு மெலனோசைட் சுமார் 36 செல்களுக்கு இப்படிப் படியளக்கிறது. வாங்கிய செல் அந்தப் பையைத் தன் உட்கருவின் மேல் குடைபோலக் கவிழ்த்துக்கொள்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைத் தாக்காதிருக்க. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் மெலனோசைட்டின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அது எவ்வளவு சுறுசுறுப்பு, பை எவ்வளவு பெரிது என்பதில்தான் வித்தியாசம். கறுப்பு ஒரு குறை என்று விளம்பரம் எத்தனை தலைமுறையாகச் சொன்னாலும், உடல் அதைக் குடையாகத்தான் வைத்திருக்கிறது.

இனி ஒளிக்கு வருவோம். அதே பழனிமலைமேல், கொடைக்கானலில், சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1899ல் தொடங்கியது. அங்கே 1907 முதல் ஒரு நூற்றாண்டாகச் சூரியனை ஒற்றை நிறத்தில் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சூரியன் அனுப்பும் அத்தனை நிறத்தையும் பிரித்து, கால்சியம் அணுவுக்கு உரிய 393.3 நானோமீட்டர் என்ற ஒரே கோட்டை மட்டும் விட்டு, மற்றதை மறித்துவிடும் கருவியில் எடுத்தவை அவை. முழு வெளிச்சத்தில் வெறும் தட்டாகத் தெரியும் சூரியன், அந்த ஒரு நிறத்தில் மேடும் பின்னலுமாகத் தெரியும். 1909ல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியை வைத்தே இந்த மலையில் கண்டுபிடித்தார். (ஆமாம், சூரியனில் இருப்பதற்கும் கன்னத்தில் இருப்பதற்கும் தமிழில் ஒரே சொல், கரும்புள்ளி. கொடைக்கானல் ஒருவகையில் பழைய கரும்புள்ளி நிலையம்.) ஒவ்வொரு பொருளும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கும்; அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பொருளோடு மட்டும் பேசலாம். ஆய்வகம் இதைப் பார்ப்பதற்குப் பயன்படுத்தியது. தோல் மருத்துவம் அதையே சுடுவதற்குப் பயன்படுத்துகிறது.

சுடுவதற்கு வடிகட்டிய சூரிய ஒளி போதாது, பலம் வேண்டும். 1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கம்பியிலிருந்து 694 நானோமீட்டர் சிவப்பில் முதல் லேசர் ஒளியை எடுத்தார். ஓரிரு ஆண்டுகளுக்குள் சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் சோதிக்கத் தொடங்கிவிட்டார். கறுத்த இடம் வெளுத்த இடத்தைவிட அதிகம் ஒளியை வாங்குகிறது என்பது அப்போதே தெரிந்தது. ஆனால் கறையை அழித்த வெப்பம் அக்கம்பக்கத்தையும் வேகவைத்துத் தழும்பாக்கியது. சரியான நிறத்தைத் தேர்ந்தால் மட்டும் போதவில்லை. விடுபட்டிருந்தது காலம்.

அந்த விடையை 1983ல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் வேலை பார்த்தது பாஸ்டனில். சமையலறையில் நிற்கும் எவருக்கும் புரிகிற கணக்கு அது. தாளித்த கடுகு ஒன்று தட்டில் தெறித்தால் உடனே ஆறிவிடும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கால்மணி நேரம் சுடும். சின்னப் பொருள் சீக்கிரம் ஆறும். பத்து மடங்கு பெரியது நூறு மடங்கு மெதுவாக ஆறும். மெலனோசோமின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஆற எடுக்கும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. மேல்தோல் முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டால் அது ஆறச் சுமார் நொடியில் நூற்றில் ஒரு பங்கு ஆகும். ஆகவே மெலனோசோம் ஆறுவதற்குள் ஒளி வந்து முடிந்துவிட்டால், சூடு முழுவதும் அந்தப் பைக்குள்ளேயே அடைபட்டு அதை வெடிக்கவைக்கும். பக்கத்துச் செல்லுக்குச் செய்தி போகாது. ஒளி அதைவிட நீண்டு நின்றால் சூடு கசிந்து தோல் வேகும்.

இதற்கென்றே இருக்கும் ‘க்யூ-ஸ்விட்ச்’ லேசர்களில் பல ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து நானோ நொடிகளுக்குத் துடிக்கின்றன. ஐந்து நானோ நொடியில் ஒளியால்கூட ஒன்றரை மீட்டர்தான் போக முடியும். அந்த நேரத்துக்குள் அரை ஜூல் ஆற்றலைக் கொட்டினால் அந்தக் கணத்தின் சக்தி பத்துக் கோடி வாட். மொத்த ஆற்றல் ஒரு கரண்டித் தண்ணீரைச் சுடவைக்கக்கூடக் காணாது. கொட்டுகிற வேகம்தான் ஆயுதம். பிகோ நொடி லேசர்கள் அதையும்விடப் பல மடங்கு குறுகியவை. அமெரிக்காவில் பச்சை குத்தியதை அகற்ற 2012ல் அவற்றுக்கு அனுமதி கிடைத்தது.

சிகிச்சை அறையில் இதைப் பார்த்தவர்களுக்குச் சத்தம்தான் முதலில் நினைவில் நிற்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டப்’பென்று ஒரு சின்ன வெடி. ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டிவிட்டதுபோல் தோலில் ஒரு அடி. மயிர் கருகும் வாசம். அடிபட்ட இடம் அந்தக் கணமே சுண்ணாம்பு வைத்ததுபோல் வெளுக்கும். பயப்பட வேண்டியதில்லை, வெடித்த நிறமியைச் சுற்றி எழுந்த நுண்குமிழிகள் அவை, கால்மணி, இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். அறையில் இருக்கும் எல்லோரும், நோயாளி உட்பட, கண்ணை மறைத்தாக வேண்டும். அதுவும் ஏதோ ஒரு கறுப்புக் கண்ணாடி போதாது. 1,064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது. ஆனால் விழித்திரையை ஒரே துடிப்பில் பொசுக்கிவிடும். எந்த அலைநீளமோ அதற்கென்றே செய்த கண்ணாடி வேண்டும், அந்த எண் சட்டத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். பியூட்டி பார்லர் மூலையில் லேசர் என்று சொல்லி உட்காரவைத்தால், முதலில் அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி எண்ணைப் படியுங்கள்.

இந்திய மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்துவது என்.டி.-யாக் என்ற படிகத்திலிருந்து வரும் லேசரை. அதன் இயல்பான ஒளி 1,064 நானோமீட்டர். ஒரு படிகத்தின் வழியே அனுப்பி அலைநீளத்தைப் பாதியாக்கினால் 532, அதாவது பச்சை ஒளி. பச்சை ஒளியை மெலனின் ஆவலோடு விழுங்கும், ஆனால் அது ஆழம் போகாது. 1,064 சில மில்லிமீட்டர் வரை இறங்கும், மெலனின் அதை அவ்வளவாக விழுங்காது. நம் ஊர்த் தோலுக்கு இந்த இரண்டாவது குணம் பெரிய உதவி. மேல்தோலில் இயல்பாகவே இருக்கும் கறுப்பை அதிகம் சீண்டாமல் ஒளி அதைத் தாண்டி ஆழத்துக் கறைக்குப் போய்விடுகிறது. வெள்ளைக்காரர் தோலுக்கு அமைத்த அளவை அப்படியே நம் கன்னத்தில் வைத்தால் கறைக்குப் போகும் வழியிலேயே கன்னம் கருகும்.

ஆழத்துக் கறையில் லேசர் அடைந்த வெற்றிக்கு நல்ல சான்று ‘ஓட்டா மறு’. கண்ணைச் சுற்றி, நெற்றியில், கன்னத்தில், பெரும்பாலும் ஒரே பக்கமாக நீலச் சாம்பல் படர்ந்திருக்கும். சிலருக்குக் கண்ணின் வெள்ளையிலும் இருக்கும். ஜப்பானியத் தோல் மருத்துவர் ஓட்டா 1939ல் விவரித்தது, ஆசியர்களிடையே அதிகம். மேல்தோலில் இருந்திருக்க வேண்டிய மெலனோசைட்டுகள் அடித்தோலிலேயே தங்கிவிட்டதால் வரும் நீலம் இது. அந்த முகங்களுக்கு நெடுங்காலம் வைத்தியம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ‘கிரகண மச்சம்’ என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கர்ப்பகாலத்துத் தாய்மேல் பழிபோட்டதுதான் மிச்சம். க்யூ-ஸ்விட்ச் லேசர் வந்ததும் கதை மாறிவிட்டது. உடைந்த நிறமியை உடலின் துப்புரவுச் செல்கள் விழுங்கி மெல்ல மெல்ல எடுத்துச்செல்ல மாதங்கள் ஆகும். அதனால்தான் அடுத்த அமர்வுக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். பல அமர்வுகளில் நீலம் மிக நன்றாக மங்கிவிடுகிறது, திரும்பி வருவதும் அபூர்வம்.

பெரியம்மாவின் தேளும் இதே வகை. கரி எல்லா நிறத்தையும் விழுங்கும். அதனால் பழைய காலத்துப் பச்சை, இன்றைய பல வண்ண டாட்டூவைவிட லேசருக்கு எளிதாக மசியும். மஞ்சளும் வெளிர்நீலமும் அடம்பிடிக்கும். ஒருமுறை பெரியம்மாவிடம் சொன்னேன், “பெரியம்மா, இதெல்லாம் இப்ப மிஷின்ல எடுத்துர்றாங்க.”

“எதுக்குப்பா? நகை நட்டெல்லாம் கழட்டிட்டுத்தான் அனுப்புவாக. கூட வர்றது இது ஒண்ணுதான்.”

தேள் அவரோடுதான் போனது.

இதுவரை சொன்னவை லேசர் ஜெயித்த கதைகள். ஆனால் தோல் மருத்துவரின் வாசலில் நிற்கும் பெண்களில் ஏராளமானோர் வந்திருப்பது மங்குக்காக. இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டுக்கு மேலேயும் ஒரே அளவாகப் படரும் பழுப்பு. ஆண்களுக்கும் வரும், குறைவாக. முதல் பிரசவத்துக்கு முன்னோ பின்னோ தொடங்கும், கருத்தடை மாத்திரையில் கூடும், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். எல்லாவற்றுக்கும் மேல், வெயில்.

மலைமேல் இது இன்னும் சிக்கல். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. பெரியகுளம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. கீழே வைகாசி வெயிலில் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொள்ளும் அதே பெண், மேலே போனால் இதமாக இருக்கிறது என்று முகத்தைத் திறந்து காட்டுவாள். சுடுவது வேறு, கறுக்கவைப்பது வேறு. புற ஊதாவைத் தோல் உணராது. மெல்லிய மேகமும் பனிமூட்டமும் அதில் கணிசமான பங்கை விட்டுவிடும். கொடைக்கானல் 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை பிறந்த சில நாட்களில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. சுற்றுலாக் கூட்டம் ஏரியைச் சுற்றுவது அந்த முதல் உச்சியை ஒட்டித்தான்.

அடுக்கம் சாலைப் பக்கம் கணக்கு வேறு. அது பெரியகுளத்தைப் பார்த்த தெற்குச் சரிவு. காபிப் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து இந்தச் சரிவை நேராகப் பார்க்கும். சாய்ந்த வெயில் தலைமேல் விழாமல் முகத்தில் விழும். பழம் பறிப்பவர்கள் சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். கைக்கும் உச்சந்தலைக்கும் அது போதும். கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் ஒன்றும் இல்லை.

மங்கு ஏன் லேசருக்கு அடங்காது? பச்சையும் ஓட்டா மறுவும் கிடப்பில் கிடக்கும் சரக்கு. எடுத்தால் தீர்ந்தது. மங்கு ஓடிக்கொண்டிருக்கும் ஆலை. அந்த இடத்து மெலனோசைட்டுகள் எண்ணிக்கையில் பெரிதாகக் கூடுவதில்லை. பருத்து, கைகளை நீட்டி, இரவு பகலாக நிறமி செய்கின்றன. அடியில் வெயிலால் சிதைந்த நார்களும் கூடுதல் ரத்த நாளங்களும் அவற்றைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. லேசர் இருக்கும் நிறமியை உடைத்துவிடும், ஆலை மறுநாளே வேலையைத் தொடங்கும். போதாக்குறைக்கு லேசர் தரும் சூடே ஒரு தூண்டல். நம் நிறத்தவர்களுக்கு எந்தக் காயமும், பருவோ கொசுக்கடியோ, ஆறும்போது கறுத்துவிட்டுத்தான் போகும். ஆகவே பலமான லேசரை மங்கின் மேல் வைத்தால் முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வரும் சாத்தியம் நிஜம்.

இதைத் தவிர்க்கத்தான் ‘லேசர் டோனிங்’ வந்தது. 1,064ஐ மிகக் குறைந்த ஆற்றலில், வெடிச்சத்தமும் வெண்மையும் இல்லாமல், முகம் முழுவதும் பல முறை ஓட்டுவார்கள், வாரம் ஒன்றாகப் பல வாரங்கள். செல் சாகாமல் உள்ளிருக்கும் நிறமி மட்டும் நொறுங்கும் என்பது எண்ணம். முகம் தெளிவதும் உண்மைதான். நிறுத்தினால் மாதங்களில் திரும்புவதும் உண்மை. விடாமல் செய்துகொண்டே போனால் சிலருக்கு மங்கின் நடுவே மழைத்துளி தெறித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. அந்த இடத்து மெலனோசைட் களைத்து ஓய்ந்துவிட்டது என்று பொருள். அந்த வெள்ளையை மீட்பது மங்கைப் போக்குவதைவிடக் கடினம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டிவிட்டதால், ஆறாவதில் புள்ளி விழுந்தும் பத்தையும் முடித்தார். தொகுப்புக் கட்டணம் என்பது மங்குக்கு மிகவும் பொருந்தாத ஏற்பாடு என்பது என் தீர்மானமான கருத்து. முதல் நாளே, விளக்கு வைத்துக்கூடப் பார்க்காமல் லேசர் பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மங்குக்கான வைத்தியத்தின் முதுகெலும்பு இன்றும் பூச்சு மருந்துதான். 1975ல் கிளிக்மனும் வில்லிஸும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து கொடுத்த சூத்திரத்தின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது குழாயில் வருபவை. சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்ணில் படும்படி பூச வேண்டிய மருந்து இது. நம் ஊரில் அது மருந்துக்கடையில் ‘முகத்துக்கு நல்ல கிரீம்’ ஆகிவிட்டது. அக்காள் பூசியதைத் தங்கை பூசுகிறாள், இரண்டு மூன்று ஆண்டு. ஸ்டீராய்டில் தோல் மெலிந்து, நாளங்கள் சிவப்பாகத் தெரிந்து, கன்னத்தில் முடி முளைத்து, நிறுத்தினால் எரிகிறது. ஆகவே நிறுத்த முடியவில்லை. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் சிலருக்கு ஆழத்தில் நீலக்கறுப்புப் படியும். பழுப்பைப் போக்கப் போய் நீலத்தை வாங்கிய கதை. இந்த ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ல் அறிவித்தது. சீட்டு கேட்கும் கடையைப் பார்த்தால் பாராட்டிவிட்டு வாருங்கள்.

பெயரில்லாத சிவப்பழகுக் கிரீம்களில் இன்னொரு ஆபத்து, பாதரசம். மெலனின் செய்யும் நொதியில் இருக்கும் செம்பின் வேலையை அது முடக்கிவிடும். முகம் சில வாரங்களில் பளிச்சென்று ஆகும். பிறகு சிறுநீரகம். 2023ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி நினைவிருக்கலாம். பாதரசம் என்றால் என்ன என்று கொடைக்கானல்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டதற்கும், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு 2016ல் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்ததற்கும் காரணம் அந்த ஒரு உலோகம்தான். காட்டில் கொட்டியதைக் கண்டு கொதித்த ஊரில், அதே உலோகம் டப்பாவில் வந்தால் முகத்தில் பூசிக்கொள்வது நடக்கக்கூடாது.

வீட்டு வைத்தியத்தையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். எலுமிச்சையை நறுக்கி மங்கின் மேல் தேய்ப்பது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. எலுமிச்சைத் தோலிலும் நாரத்தை வகைகளிலும் ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, ஆறும்போது கரும்பழுப்பாகும். தோட்டத்தில் நாள் முழுவதும் எலுமிச்சை பறித்தவர் கையில், சாறு வழிந்த கோடு அப்படியே கறுத்து நிற்பதைப் பார்க்கலாம். போக்குவதற்குத் தேய்த்தது வரவழைக்கும்.

அதே குடும்பத்துப் பொருள் கார்போக அரிசியில் இருக்கிறது. சித்த வைத்தியம் வெண்புள்ளிக்குக் காலம் காலமாகக் கொடுத்து வந்த விதை. 1933ல் இந்திய வேதியியலாளர் ஜோயிஸும் அவர் தோழர்களும் அதிலிருந்து சோராலனைப் பிரித்தெடுத்தார்கள். சோராலன் வகை மருந்தும் புற ஊதா-ஏ ஒளியும் சேர்ந்த சிகிச்சையைச் சொரியாசிஸுக்கு 1974ல் நிறுவியவர்களில் முதல்வர் யார் தெரியுமா? மேலே பார்த்த ஜான் பேரிஷ்தான். ஒளியை விழுங்கும் பொருளை வெளியிலிருந்து கொடுத்து ஒளியால் தாக்கிய மனிதர், ஒன்பது ஆண்டு கழித்து, உடலிலேயே இருக்கும் பொருளை ஒளியால் தாக்கும் வழியை எழுதினார். கார்போக அரிசிக்கும் லேசருக்கும் இப்படி ஓர் ஒட்டுறவு. வெண்புள்ளிக்கே இப்போது 308 நானோமீட்டரில் எக்சைமர் லேசர் இருக்கிறது. அது நிறத்தை எடுப்பதில்லை, மயிர்க்காலில் ஒளிந்திருக்கும் மெலனோசைட்டைத் தட்டியெழுப்பி நிறத்தைக் கொண்டுவருகிறது. முகத்தில் நன்றாகப் பலிக்கும். மயிரில்லாத விரல்நுனியில் பலிப்பது கடினம்.

கழுத்தைச் சுற்றி வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது தனி. அங்கே லேசரைத் தேடாதீர்கள், சர்க்கரையைச் சோதியுங்கள். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். முதுகிலும் முழங்கையிலும் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கறுத்தது, தேய்ப்பதை நிறுத்தினால் பாதி குறையும். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெளுத்தால் அதன் பசையில் உள்ள ரசாயனத்தைச் சந்தேகிக்க வேண்டும். பொட்டை அன்றே மாற்ற வேண்டும்.

லேசரிடம் போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், தோல் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு முடித்தவரிடம் போங்கள். உட்கார்ந்ததும் கேட்க வேண்டியவை சில. இந்தக் கறைக்குப் பெயர் என்ன, எந்த ஆழத்தில் இருக்கிறது, எத்தனை நானோமீட்டரில் அடிக்கப்போகிறீர்கள், முதலில் காதோரம் ஓர் இடத்தில் அடித்துப் பார்த்துச் சில வாரம் காத்திருக்கலாமா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.

மங்கு இருப்பவர்கள் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன் வெள்ளையாக இல்லாமல் தோல் நிறத்தில் இருக்கட்டும். அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு, புற ஊதாவோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையும் மறிக்கும். மங்கை அந்த நீல ஒளியும் வளர்க்கிறது. அந்த சன்ஸ்கிரீனை வாங்க வசதி இல்லையா, வியர்வையில் நிற்கவில்லையா, கெட்டியாக நெய்த இருண்ட நிறத் துண்டு ஒன்று எடுங்கள். வெளுத்து நைந்த பழைய துண்டு வேண்டாம், அதன் கண்கள் வழியே வெயில் இறங்கும். காலை பத்திலிருந்து மாலை நான்குவரை, குளிராக இருந்தாலும் மேகமாக இருந்தாலும், அதைப் புருவம்வரை இறக்கிக் கட்டி, ஒரு முனையை மூக்குக்கு மேலே சுற்றிச் செருகிக்கொள்ளுங்கள்.